ஈயம் உருக்கிய அடுப்பு

நம்பிக்கையின் விலை பதுளைக் கடைவீதியில் இரண்டேகால் ரூபா. ஒரு படிக்கல்லைச் சரியான எடைக்குக் கொண்டுவந்து, அரசாங்க முத்திரைக்குத் தயாராக்கித் தர ஸஹாப்தீன் வாங்கிய கூலி அது. கடைக்காரன் சீனியில் ஈரம் சேர்க்கலாம், பருப்பில் தூசி சேர்க்கலாம், கொள்முதல் விலையைச் சொல்லும்போது பிள்ளைகளின் தலையில் அடித்துச் சத்தியமும் பண்ணலாம். ஊர் சிரித்துக்கொண்டே வாங்கிப் போகும். கல்லில் மட்டும் கை வைக்கக் கூடாது. கல் பொய்த்த கடை ஒரு மாதத்தில் பூட்டும். ஆகவே இரண்டேகால் ரூபா கொள்ளை மலிவு என்பது எல்லாருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே எல்லாரும் இரண்டுக்குக் கேட்டார்கள். கேட்காமல் விட்டால் வியாபாரிக்கு அன்றைக்குச் சோறு செமிக்காது.

கொழும்பிலிருந்து வரும் வார்ப்பிரும்புக் கற்களின் அடியில் ஒரு குழி இருக்கும். எடையும் வேண்டுமென்றே கொஞ்சம் குறைவாக இருக்கும். ஈயத்தை உருக்கி அந்தக் குழியில் ஊற்றி, சரியான எடையுள்ள மூலக்கல்லோடு வைத்து நிறுத்து, முள் நடுவில் நின்றால் தொழில் முடிந்தது. வருடத்துக்கு ஒரு தடவை வரும் பரிசோதகர் அந்த ஈயத்தின் மேல் அரசாங்க முத்திரையை அடித்துவிட்டுப் போவார். ஊருக்கு அவர் ‘முத்திரை மாத்தயா’, முத்திரை ஐயா. கேட்பதற்கு எல்லாம் லேசு. ஊற்றிப் பார்த்தவனுக்குத்தான் தெரியும். கூடினால் சுரண்ட வேண்டும், குறைந்தால் மறுபடி உருக்க வேண்டும். மற்றத் தராசுக்காரர்கள் ஒரு கல்லுக்கு மூன்று தடவை அடுப்பை ஊதினார்கள். ஸஹாப்தீனின் கற்கள் மட்டும் ஒரே ஊற்றில் வந்தவை. சுரண்டிய தழும்பு ஒன்றும் இல்லாமல் ஈயத்தின் முகம் வெண்ணெய் போல இருக்கும். ஹல்துமுல்லையிலிருந்து மொனராகலை வரைக்கும், ஊவா முழுக்க, ‘ஸஹாப்தீன் கல்’ என்றால் மறுபேச்சில்லை.

அந்தக் கற்களில் ஒன்றைக்கூட ஸஹாப்தீன் ஊற்றவில்லை.

ஊற்றியது அவருடைய பெண்சாதி மர்லியா. கல்யாணமாகி மூன்றாம் மாதம் ஸஹாப்தீனுக்குக் காய்ச்சல். முத்திரை மாத்தயா வர இரண்டு நாள் கிடந்தது. அடுப்பில் ஈயம் உருகி நிற்க, மனிதர் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு கிடந்தார். வீணாகப் போகிறதே என்று மர்லியா கரண்டியை எடுத்தாள். முப்பது கல். முப்பதிலும் முள் நடுவில். காய்ச்சல்காரர் எழுந்து உட்கார்ந்து, எல்லாவற்றையும் இன்னொரு தடவை நிறுத்துக் காட்டச் சொன்னார். பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டார். காய்ச்சல் விட்டது, கரண்டி அவர் கைக்குத் திரும்பவில்லை.

எப்படி வருகிறது என்று கேட்டால் மர்லியாவுக்குச் சொல்லத் தெரியாது. கரண்டி சரியும்போது மணிக்கட்டிலிருந்து பாரம் இறங்கும். ஓர் இடத்தில் கை ‘போதும்’ என்னும். அவ்வளவுதான்.

“பொம்புள ஊத்தின கல்லு எண்டு தெரிஞ்சா பஜார் ஒரு ரூவாக்குக் கேக்கும்,” என்றார் ஸஹாப்தீன்.

“அதுவும் சரிதான்,” என்றாள் அவள். வியாபார நியாயம் அவளுக்கும் தெரியும். ஆனால் மொஹிதீன் ஹாஜியாரின் மொத்தக் கடைக்குச் சீனி வாங்கப் போனால், தராசுத் தட்டில் தன் கல் ஏறுவதை முக்காட்டுக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டு நிற்பாள். “சரியா நிறுத்துட்டேன் உம்மா, பாத்துக்கங்க,” என்பான் கடைப்பையன். எனக்கா சொல்கிறாய் என்று உள்ளுக்குள் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்கு வேறு கூலி அவள் கேட்டதில்லை.

உருக்குவது குசினியில். வெளியே வைக்க ஏலாது. பதுளை மழையில் ஒரு துளி உருகிய ஈயத்தில் விழுந்தால் வெடித்து முகத்தில் தெறிக்கும். காற்றடித்தால் தராசு முள் ஆடும். ஆகவே கதவும் ஜன்னலும் பூட்டித்தான் தொழில். பழைய லொறி பெட்டரிகளை உடைத்து எடுத்த ஈயத் தகடுகள் குசினி மூலையில் விறகோடு விறகாக அடுக்கிக் கிடக்கும். ஈயம் இறங்கிய அடுப்பில் சோறு ஏறும்.

நான்கு வருடத்தில் மர்லியாவுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்தன. இரண்டும் மாதம் நிரம்பாமல், ஒரு கையில் அடங்குகிற அளவில் பிறந்தன. மூத்தது இரண்டு நாள் இருந்தது, அடுத்தது ஒரு கிழமை. சொந்தக்காரர்கள் கூடிப் பேசினார்கள். கண்ணூறு என்றார்கள், காற்றுப் பட்டிருக்கும் என்றார்கள். இரண்டாவது தடவை அவளைக் கவனமாக வைத்திருக்கிறோம் என்று வீட்டின் கடைசி அறையில் வைத்துப் பூட்டாத குறையாகப் பாதுகாத்தார்கள். அந்த அறைக்கும் குசினிக்கும் நடுவே ஒரு சாக்குத் திரைதான். அவர்கள் போனதும் அவள் அதை விலக்கிக் கரண்டியிடம் போய் வந்தாள். அறைக்குள் காற்று வரவில்லை, புகைதான் வந்தது.

இப்போது மூன்றாவது, நாலாம் மாதம். சொல்லிவைத்தாற்போல அந்த வருடம்தான் இறாத்தல் போய் கிலோ வந்தது. எழுபதுகள் முடிகிற நேரம். பழைய கற்கள் இனிச் செல்லாது, எல்லாக் கடையும் புதுக் கல் வாங்க வேண்டும் என்று சட்டம். தராசுக்காரர்களுக்கு ஆயுளில் ஒரு தடவை வருகிற அறுவடை. மொஹிதீன் ஹாஜியார் ஒருவரே நானூறு கல் கொண்டுவந்து இறக்கினார். தன் கடைக்கும், தன்னிடம் சரக்கு எடுக்கும் தோட்டத்துக் கடைகளுக்கும் சேர்த்து, மாதக் கடைசி முத்திரை நாளுக்குள் முடித்துத் தரவேண்டும் என்று பேச்சு.

“இந்த ஒரு மாசம் கைய ஓட்டிட்டா போதும் புள்ள. புள்ள பொறக்கக்குள்ள கூரைத் தகரம் மாத்தின வீடு ஈக்கும்,” என்றார் ஸஹாப்தீன்.

மறுநாள் கிளினிக்கில் மர்லியா வாயைத் திறந்தாள். யாழ்ப்பாணத்திலிருந்து புதிதாக வந்த பெண் டொக்டர், அட்டையில் முந்திய இரண்டு பிள்ளைகளின் கதையை வாசித்துவிட்டு நாக்கைப் பார்க்கப் போனவர், ஈறைப் பார்த்து நின்றுவிட்டார்.

“வெத்திலை போடுறனீங்களோ?”

“இல்ல டொக்டர்.”

“அப்ப இந்த நீலக் கோடு எங்கால வந்தது? பல்லடி முழுக்கக் கிடக்குது. புருசன் என்ன தொழில்?”

“தராசு திருத்துறவர். படிக்கல்லுக்கு ஈயம் ஊத்துற வேலை.”

டொக்டர் பேனையை மூடினார். “ஈயம் எங்க வைச்சு உருக்கிறது?”

“குசினியில.”

“ஆர் ஊத்துறது?”

நான்கு வருடத்தில் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. கேட்கமாட்டார்களா என்று எத்தனையோ நாள் மனதுக்குள் பதில் சொல்லிப் பார்த்திருக்கிறாள். மர்லியா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“நான்தான் டொக்டர். ஊவாவுல ஈக்கிற நல்ல கல்லெல்லாம் நான் ஊத்தினது.”

“அதுதான் உங்கட பிள்ளையளின்ர உயிரை எடுத்தது,” என்றார் டொக்டர்.

சொன்ன பிறகு அவருக்கே பொறுக்கவில்லை போலும். கதிரையைக் கிட்ட இழுத்து உட்கார்ந்து குரலை இறக்கினார். “உங்கட பிழையில்லை. ஆருஞ் சொல்லாட்டி எப்பிடித் தெரியும்? உருக்கேக்க வாற புகை உங்கட மூச்சில போகுது. தூள் கையில ஒட்டிச் சோத்தில போகுது. பிறகு உங்கட இரத்தத்தில இருந்து தொப்புள்கொடியால பிள்ளைக்குப் போகுது. பெரிய ஆள் தாங்கிற அளவைச் சின்னன் தாங்காது. வளராது. மாசத்துக்கு முதல் வந்திடும்.”

“நான் கதவெல்லாம் சாத்தித்தான் டொக்டர் ஈந்தேன். காத்துப் படாம.”

“காத்து வந்திருந்தா எவ்வளவு நல்லம்,” என்றார் அவர். இரத்தம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினார். இரும்புச் சத்துக் குளிசை எழுதினார். பால், முட்டை, நெத்தலி, கீரை என்று ஒரு கடைச் சாமான் கணக்குப் போலச் சொன்னார். “இண்டையில இருந்து அந்த அடுப்புக்குக் கிட்டப் போகக்கூடாது. இப்ப விட்டால் பிள்ளை தப்பும் எண்டு சத்தியம் பண்ணமாட்டன். விடாட்டி என்ன நடக்கும் எண்டு உங்களுக்கே தெரியும்.”

வீடு வரும் வழியெல்லாம் மர்லியா தன் வலது கையைப் பார்த்துக்கொண்டு நடந்தாள்.

ஸஹாப்தீன் கேட்டுவிட்டுச் சிரித்தார். “டொக்டர்மாருக்கு எல்லாம் நஞ்சுதான். என்ட வாப்பா அறுவது வருசம் ஈயத்தோட குடும்பம் நடத்தினவர்.”

“ஒங்கட உம்மாக்கு எத்தினை புள்ள?”

“எட்டு. அல்லாஹ் குடுத்தான்.”

“இப்ப எத்தினை பேர் ஈக்கிறீங்க?”

“மூணு பேர்.”

“மத்த அஞ்சும்?”

“அது... அந்தக் காலத்துல எல்லா வீட்டுலயும் அப்பிடித்தான்.”

“அடுத்த வீட்டு இப்றாஹீம் நானாட உம்மாக்கும் எட்டுத்தான். எட்டும் ஈக்கி. போன பெருநாளைக்கு எட்டுப் பேரும் வந்து நம்மட வாசல அடைச்சிட்டு நிண்டாங்களே.”

ஸஹாப்தீன் தராசைத் துடைக்க ஆரம்பித்தார். ஏற்கெனவே துடைத்த தராசு.

அன்று அடுப்பு எரியவில்லை. மறுநாள் விடியற்காலை ஹாலிஎல பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இராக்கம்மா பாலோடு வந்தாள். அவள் கொழுந்தெடுத்த காலத்தில் தோட்டத்துத் தராசு கூடைக்கு இரண்டு இறாத்தல் தின்றுகொண்டிருந்தது. ஸஹாப்தீன் போய்த் திருத்திய பிறகுதான் பெண்களுக்குக் கொழுந்து எடைப்படி சம்பளம் வந்தது. அந்த நன்றிக்கு இந்த வீட்டுப் பாலில் மட்டும் அவள் தண்ணீர் கலப்பதில்லை. இதை அவளே எல்லாருக்கும் சொல்லித் திரிவாள், மற்ற வீட்டுக்காரர்களுக்கும் சேர்த்து.

“இனி ரெண்டு போத்தல் தாங்க இராக்கம்மாக்கா. டொக்டர் பால் குடிக்கச் சொன்னாங்க.”

“குடிங்க தங்கச்சி, குடிங்க.” போத்தலைக் குசினிக்குள் வைக்கப் போன இராக்கம்மா மூலையைப் பார்த்ததும் அப்படியே பின்வாங்கினாள். “அய்யய்யோ, இதையா அடுப்படியில வச்சிருக்கீங்க?”

“பெட்டரித் தகடுதானே. என்னத்துக்குப் பயப்படுறீங்க?”

“எங்க செவலைப்பசுவ முடிச்சதே இந்தச் சனியன்தாங்க. தேயிலை பெக்டரிக்குப் பின்னால பழைய லொறி பெட்டரிய ஒடச்சிப் போட்டிருந்தானுங்க. இனிப்பா இருக்குமாம், மாடு நக்கும். வருசக்கணக்கா நக்குச்சி. மொத கன்னு செத்துப் பொறந்துச்சு. அடுத்தது எலிக்குட்டி மாதிரி பொறந்து மறுநாளு போச்சு. மாட்டு டாக்டர் தொரதான் வந்து இதக் காட்டுனாரு. அள்ளிக் குழிவெட்டிப் பொதச்சோம். அதுக்கப்புறம் மத்த மாட்டுக்கு ஒரு நோவு இல்ல, நீங்க குடிக்கிறது அதுக பாலுதான்.”

முற்றத்தில் கரியால் பல் விளக்கிக்கொண்டிருந்த ஸஹாப்தீனின் கை நின்றது. டொக்டர் சொன்னதை அவர் ஒரு பேரம் போலத்தான் கேட்டிருந்தார். எவ்வளவு குறைத்துக்கொள்ளலாம் என்று பார்த்திருந்தார். மாடு பேரம் பேசாது. அவர் வாயைக் கொப்பளித்துவிட்டு, சவரக் கண்ணாடியை எடுத்து உதட்டை விலக்கி ஈறைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

“புள்ள,” என்றார் கடைசியில். “எனக்கும் ஈக்கி.”

ஆனால் நானூறு கல்லும் இருந்தது. மாதக் கடைசியும் இருந்தது. ஒத்துக்கொண்ட வேலையைத் திருப்பிக் கொடுத்த பெயர் ஸஹாப்தீன் குடும்பத்தில் இல்லை. அவர் தகடுகளைப் பின் மதிலுக்கு அப்பால் கொண்டுபோய், ஒரு தகரக் கூரை கட்டி, அடுப்பு மூட்டி, நான்கு வருடத்துக்குப் பிறகு தானே கரண்டியைப் பிடித்தார். மர்லியா வீட்டுக்குள் இருந்தாள். அவருடைய தராசுத் தட்டின் சத்தம் கேட்டது. ஒரு கல்லுக்கு ஒரு தடவை கேட்க வேண்டிய சத்தம் ஏழெட்டுத் தடவை கேட்டது. நடுவே சுரண்டும் சத்தம். நடுவே அவர் யாரையோ திட்டும் சத்தம். அங்கே வேறு யாரும் இல்லை.

மூன்று நாளில் நாற்பது கல். நாற்பதும் அம்மைத் தழும்பு விழுந்த முகம் போல.

நான்காம் நாள் மொஹிதீன் ஹாஜியார் குடையோடு வந்தார். ஒரு கல்லைத் தூக்கிப் புரட்டிப் பார்த்தார். இன்னொன்றைப் பார்த்தார்.

“என்ன ஸஹாப்தீன், இதெல்லாம் எலி கடிச்ச கல்லா?”

முன்னறைத் திரைக்குப் பின்னால் நின்று மர்லியா கேட்டுக்கொண்டிருந்தாள். காய்ச்சல் என்று சொல்லலாம். கை சுளுக்கு என்று சொல்லலாம். பஜாரில் பிறந்து வளர்ந்த மனிதருக்கு ஒரு பொய் சொல்ல வராதா? அப்படிச் சொன்னால் பெயர் தப்பும். பெயர் தப்பினால் அடுத்த கிழமை கரண்டி திரும்ப அவளைத் தேடி வரும்.

“என்ட கை அவ்வளவுதான் ஹாஜியார்,” என்றார் ஸஹாப்தீன். “நாலு வருசமா நீங்க வாங்கின கல்லெல்லாம் என்ட பொண்டாட்டி ஊத்தினது. இப்ப அவ ஊத்த ஏலாது. ஈயம் வயித்துல ஈக்கிற புள்ளைக்கு நஞ்சாம். ரெண்டு புள்ள அதாலதான் போனதாம்.”

ஹாஜியார் கையிலிருந்த கல்லை இன்னொரு தடவை புரட்டினார். பிறகு கல்லைக் கீழே வைத்தார். மனிதர் கெட்டவர் அல்ல, ஆனால் வியாபாரி.

“அல்லாஹ் லேசாக்கி வைக்கட்டும். ஆனா ஸஹாப்தீன், ரெண்டு கிழமைதானே? முன்னூத்தி அறுவது கல்லு. நாலு வருசம் ஊத்தினவக்கு ரெண்டு கிழமையில என்ன வந்திடப் போகுது? கல்லுக்கு ரெண்டரை தாறேன்.”

“மூணு,” என்றார் ஸஹாப்தீன்.

திரைக்குப் பின்னால் மர்லியா தன் வலது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

“ரெண்டேமுக்கால்.”

“மூணுதான் ஹாஜியார்.”

“சரி, மூணு. தொலையட்டும்.”

“மூணு,” என்று ஸஹாப்தீன் தலையாட்டினார். பிறகு எழுந்து நின்றார். “நல்லது ஹாஜியார். நீங்க எதுவரைக்கும் வருவீங்க எண்டு தெரிஞ்சிக்கத்தான் கேட்டேன். வாயி பழகிட்டுது. முப்பது தந்தாலும் அவ ஊத்தமாட்டா.”

ஹாஜியார் குடையை எடுத்தார், வைத்தார், திரும்ப எடுத்தார். வாசல் மட்டும் போய், திரையின் பக்கமாகப் பார்க்காமல், ஆனால் அதற்குக் கேட்கும்படியாகச் சொன்னார்:

“நாலு வருசமா என்ட கடை நாணயம் ஒரு பொம்புளப் புள்ளைட கையில ஈந்திருக்கி. நான் என்னமோ நான் யோக்கியன் எண்டல்லவா நெனச்சிட்டு ஈந்தேன்.”

அவர் போன பிறகு ஸஹாப்தீன் திரையை விலக்கினார். மர்லியா அழுதுகொண்டிருந்தாள்.

“நீங்க ‘மூணு’ எண்டதும் நான் செத்தேன்.”

“நானும்தான்,” என்றார் அவர். “சொன்னதுக்குப் பொறகுதான் என்ன சொன்னேன் எண்டே வெளங்கினது.”

மிச்சக் கற்களை யாரிடம் கொடுப்பது? பண்டாரவளை வாஹித் ஒருவர்தான் இருந்தார். பத்து வருடப் போட்டிக்காரர். கல்யாண வீட்டில் கண்டால்கூட இருவரும் ஒரே ஸஹன் தட்டைப் பகிராமல் வேறு வேறு ஸஹனில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள். அவரிடம் போகிறேன் என்று ஸஹாப்தீன் தொப்பியை எடுத்தபோது மர்லியா கதவை மறித்தாள்.

“ஒரு பேச்சு ஈக்கி. வேலைய குடுக்க முந்தி அவருட அடுப்பு எங்க ஈக்கி எண்டு பாருங்க. குசினியில ஈந்தா ஒரு கல்லும் குடுக்க வேணாம். அவருட மருமகளும் வயித்தோட ஈக்கிறா எண்டு கேள்வி. நம்மட நஞ்ச அங்க எறக்கி வைக்க ஏலா.”

“அவன் சிரிப்பான்.”

“சிரிக்கட்டும். மாட்டுக் கதையச் சொல்லுங்க.”

ரயில் கோச்சியில் போன மனிதர் இருட்டுவதற்கு முன் திரும்பி வந்தார். வந்ததும் கிணற்றடிக்குப் போய்க் கை கால் முகம் கழுவி, சட்டையை வெளியே கழற்றிப் போட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தார். அது மர்லியாவின் புதுச் சட்டம். தேநீரை வாங்கிக்கொண்டு சிரித்தார்.

“வாஹித் என்ன சொன்னான் தெரியுமா? ‘பத்து வருசத்துல கடைசி நாலு வருசமும் என்னத் தோக்கடிச்சது ஒரு பொம்புளயா? அப்ப ஒன்னட்ட நான் தோக்கவே இல்ல’ எண்டு வீடெல்லாம் கூப்பிட்டுச் சொல்றான். எல்லாரும் சிரிக்கிறாங்க.”

“நீங்க?”

“நானும் சிரிச்சேன். அவன் சொல்றது உண்மைதானே. ‘அப்பிடிப்பட்ட கை என்ட வீட்டுலதானே வாஹித் ஈக்கி, ஒன்ட வீட்டுல இல்லையே’ எண்டேன்.”

“அடுப்பு?”

“குசினியிலதான் ஈந்தது. மாட்டுக் கதை சொன்னேன். சிரிப்பு நிண்டுட்டுது. மருமகளக் கூப்பிட்டு வாயத் தொறக்கச் சொன்னான். பொறகு அவனே அடுப்ப இடிச்சிட்டான். நான் ஒரு பக்கம் தகரம் பிடிச்சேன். பின்னால மேட்டுல கொட்டில் போட்டுத்தான் வாறேன்.”

இருந்தும் வீட்டோடு எண்பது கல் தங்கிவிட்டது. வாஹித்தால் அதற்கு மேல் எடுக்க ஏலவில்லை. இங்கேதான் மர்லியாவின் தலை வேலை செய்தது. கை ஏலாவிட்டால் என்ன? குழியில் வேண்டுமென்றே கொஞ்சம் குறையாக ஊற்றச் சொன்னாள். ஊற்றுவது வெளியே, மழையில்லாத பொழுதில். பிறகு காற்றில்லாத அதிகாலையில் தராசை வைத்து, குறைகிற எடைக்கு ஆறிய ஈயத்தைச் சின்னத் துண்டாக வெட்டிச் சுத்தியலால் அடித்து இறுக்கச் சொன்னாள். உருக்க வேண்டாம், சுரண்ட வேண்டாம், புகையில்லை. வேகம் இல்லைதான், ஒரு நாளைக்கு ஆறு கல், ஏழு கல். அவள் ஜன்னலுக்குள்ளே இருந்துகொண்டு முள்ளைப் பார்த்துச் சொல்வாள்: “இன்னம் ஒரு கடுகளவு. ஆ, நிறுத்துங்க. அடிக்காதீங்க எண்டேனே!” ஸஹாப்தீன் வெளியிலிருந்து, “சரி முதலாளி,” என்பார்.

குசினி அடுப்பை இடித்து மண்ணைத் தோண்டியெடுத்துப் புது மண் போட்டார்கள். சுவரைச் சுரண்டாமல் ஈரத் துணியால் துடைத்துச் சுண்ணாம்பு அடித்தார்கள். பழைய சட்டி பானை ஒன்றும் மிச்சமில்லை. கதவும் ஜன்னலும் திறந்தே கிடந்தன. சொந்தக்காரர்கள் வந்து, பிள்ளைத்தாய்ச்சிக்குக் காற்றுப் படுகிறதே என்று பதறினார்கள். “படட்டும்,” என்றாள் மர்லியா. இராக்கம்மாவின் பால் இரண்டு போத்தலிலிருந்து மூன்றானது. கொழும்பிலிருந்து இரத்த முடிவு வந்தபோது டொக்டர் அதைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினார். இரண்டு மாதம் கழித்து அனுப்பிய இரண்டாவது முடிவைப் பார்த்துச் சுருக்கத்தை விட்டார். “இறங்குது,” என்றார். “மெதுவா இறங்குது. எலும்பில கிடக்கிறது அவ்வளவு லேசில போகாது.”

முத்திரை நாளில் மாத்தயா எண்பது கல்லையும் ஒவ்வொன்றாக நிறுத்தார். ஒன்றும் தவறவில்லை. அதற்குள் கடைவீதி முழுக்கக் கதை பரவியிருந்தது. ஹாஜியார் ஒருவரிடம் சொன்னால் பதுளையிடம் சொன்ன மாதிரி. யாரும் ஒரு ரூபாவுக்குக் கேட்கவில்லை. “மர்லியா கல் எப்ப வரும்?” என்றுதான் கேட்டார்கள். ஸஹாப்தீன் முதலில் கொஞ்சம் முகம் சுளித்தார். பிறகு அவரே அப்படிச் சொல்லப் பழகிக்கொண்டார்.

ஒன்பதாம் மாதம் நிரம்பி ஆறாம் நாள், ஆஸ்பத்திரியில், பெண் பிள்ளை பிறந்தது. பிறந்த கையோடு அழுதது. வார்டின் அந்தக் கோடிவரை கேட்ட அழுகை. தாதி பிள்ளையைத் தூக்கித் தராசில் கிடத்தப் போனாள்.

“நோனா, கொஞ்சம் நில்லுங்க,” என்றாள் மர்லியா கட்டிலிலிருந்து. குரல் களைத்திருந்தது; ஆனால் குரலில் கடைவீதி இருந்தது. “அந்தத் தராசுக்கு முத்திரை ஈக்கா?”

தாதி திகைத்து டொக்டரைப் பார்த்தாள். டொக்டர் சிரித்துக்கொண்டே குனிந்து தராசின் அடியைப் பார்த்தார். “இருக்குது. இந்த வருசத்து முத்திரைதான். இனி வைக்கலாமோ?”

“வைங்க.”

இரண்டு கிலோ ஐந்நூற்று இருபது கிராம்.

“இரண்டரைக்குக் கீழ எண்டால்தான் எங்களுக்குக் கவலை,” என்றார் டொக்டர். “இருபது கிராம் கூட.”

“இருபது கிராம் கூட!” வாசலில் நின்ற ஸஹாப்தீன் அதைத் திரும்பச் சொன்னார், தன் வாழ்நாளில் ஓர் எடை கூடியதற்குச் சந்தோஷப்பட்ட முதல் தடவையாக.

டொக்டர் கட்டிலருகே வந்தார். “மாசாமாசம் கொண்டு வரவேணும். கழுத்து நிக்கிறது, பார்வை, காது கேக்கிறது, பேச்சு எல்லாம் பாக்கவேணும். உங்கட உடம்பில மிச்சம் இருந்தது கொஞ்சம் அவவிட்டயும் போயிருக்கும். இப்ப ஒண்டும் தெரியேல்ல. ஒண்டும் இல்லை எண்டும் சொல்ல ஏலாது.”

“கொண்டு வாறேன் டொக்டர்,” என்றாள் மர்லியா. “ஒரு மாசமும் தவறாது.”

பிள்ளையை அவளுடைய வலது கையில் வைத்தார்கள். அந்தக் கைக்கு டொக்டரின் கிராம் தேவைப்படவில்லை. ஐந்து இறாத்தல் ஒன்பது அவுன்ஸ் என்று தானாகச் சொன்னது.

ஸஹாப்தீனுக்குத் தெரியாத ஒரு கணக்கு அவளிடம் இருந்தது. முன்னைய இரண்டு பிள்ளைகளையும், அடக்க மையவாடிக்குக் கொண்டுபோகும் முன், யாரும் பார்க்காத நேரம் கல் நிறுக்கும் தராசில் தானே நிறுத்துப் பார்த்திருந்தாள். ஏன் என்று அவளுக்கே தெரியாது. அவளுக்குத் தெரிந்த மரியாதை அதுதான். இப்போது அவர் பக்கமாகத் திரும்பி, முதல் தடவையாக, ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவர் தலையணை ஓரத்தில் உட்கார்ந்து விரல் மடித்துக் கேட்டார்.

மூத்தது, மூன்று இறாத்தல் பன்னிரண்டு அவுன்ஸ். நடுவது, நாலு இறாத்தல் இரண்டு அவுன்ஸ். இளையது, ஐந்து இறாத்தல் ஒன்பது அவுன்ஸ். ஆகக் கூட்டினால் பதின்மூன்று இறாத்தல் ஏழு அவுன்ஸ். கையில் இருப்பது ஐந்து ஒன்பது. மண்ணில் இருப்பது ஏழு இறாத்தல் பதினான்கு அவுன்ஸ். அது வராத பாக்கி.